யு.சி.எல்.ஏ. பெண்கள் சாஃப்ட்பால்: 1975-லிருந்து மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள்

வைகைக்கரை:

கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பெண்கள் சாஃப்ட்பால் அணி 1982, 1988, 1989, 1990 என்று நான்கு முறை அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தில் ஒரே அணியிடம் தோற்றது. ஸ்கோர் 2-0, 3-0, 1-0, 2-0. நான்கு இறுதி ஆட்டம் ஆடியும் ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. எதிரே நின்றது லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. அணி.

அந்த அணியைப் பற்றி தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை.

என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்களுக்கான சாஃப்ட்பால் போட்டியை 1982-ல் தொடங்கியது. அன்றிலிருந்து யு.சி.எல்.ஏ. வென்ற பட்டங்கள்: 1982, 1984, 1985, 1988, 1989, 1990, 1992, 1999, 2003, 2004, 2010, 2019. மொத்தம் 12. அதற்கு முன்னால் பெண்கள் விளையாட்டை நடத்திவந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அமைப்பின் கீழ் 1978-ல் ஒன்று. 1995-லும் வென்றார்கள், அது பிறகு பறிபோனது. அந்தக் கதைக்குத் தனியாக வருவோம்.

பட்டங்களைவிட என்னை இழுத்தது வேறொரு விஷயம். 1975-ல் அணி தொடங்கியதிலிருந்து இன்றுவரை தலைமைப் பயிற்சியாளர்கள் மூன்றே பேர். ஷாரன் பேக்கஸ், சூ என்க்விஸ்ட், கெல்லி இனோயே-பெரெஸ். என்க்விஸ்ட் பேக்கஸிடம் விளையாடியவர். கெல்லி அந்த இருவரிடமும் விளையாடியவர். வெளியிலிருந்து ஒருவரைக்கூட கொண்டுவரவில்லை. இந்த அணியின் வெற்றிக்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தொடக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1972 ஜூனில் அமெரிக்காவில் டைட்டில் நைன் சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதியில் நடக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அது தலைகீழாக மாற்றியது விளையாட்டைத்தான். மூன்று வருடம் கழித்து யு.சி.எல்.ஏ.வில் பெண்கள் சாஃப்ட்பால் அணி உருவாகிறது.

ஷாரன் பேக்கஸ் அப்போது நாடறிந்த ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்டத் தடுப்பாட்டக்காரர். கல்லூரி அணிகள் வலுப்பெறுவதற்கு முன்பு பெண்கள் சாஃப்ட்பாலை உயிரோடு வைத்திருந்தவை கம்பெனி அணிகளும் ஊர் அணிகளும்தான். ரேபெஸ்டாஸ் என்ற பிரேக் உதிரிபாகக் கம்பெனி நடத்திய பிரேக்கெட்ஸ் அணி அவற்றில் பெரிய பெயர். பேக்கஸ் அங்கே ஆடியவர். அந்தக் கண்டிப்பையும் பழக்கத்தையும் அப்படியே கல்லூரிக்குள் கொண்டுவந்தார். சான் கிளமென்டேயிலிருந்து வந்த சென்டர் ஃபீல்டர் சூ என்க்விஸ்ட் அவருடைய முதல் தலைமுறை மாணவி. கல்லூரி வாழ்க்கை முழுக்க அவருடைய பேட்டிங் சராசரி .401, அதாவது பத்து முறை பேட் பிடித்தால் நான்கு முறை வெற்றிகரமாக அடித்தார். பல்கலைக்கழகத்தின் சாதனையாக அது 24 வருடம் நின்றது. 1978 பட்டம் அந்தத் தலைமுறை வென்றது.

---

கூக்ளி:

நல்ல இழை அண்ணா. நான் கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன், அதனால் அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். பேட் இருக்கிறது, பந்து இருக்கிறது, ஏழு இன்னிங்ஸ் ஆடுகிறார்கள், முடிவில் 1-0, 2-0. அவ்வளவு ரன் பஞ்சம் ஏன்? சாஃப்ட்பால் என்றால் பந்து மென்மையாக இருக்கும், அடிக்கச் சுலபம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

---

பி.டி.டீச்சர்:

தம்பி, பெயரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். பந்து கெட்டியானதுதான். சுற்றளவு 12 அங்குலம், எடை 180 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின். நம் ஊரிலும் பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளில் சாஃப்ட்பால் உண்டு. நான் கல்லூரியில் கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஆடினேன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.

ரன் பஞ்சத்துக்குக் காரணம் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் தூரம். பேஸ்பாலில் பிட்சருக்கும் பேட்டருக்கும் 60 அடி 6 அங்குலம். கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலில் இன்று 43 அடி. பிட்சர் கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் கீழிருந்து பந்தை விடுவார். விடும்போது ஒரு எட்டு முன்னால் வேறு வந்துவிடுகிறார். நல்ல கல்லூரி பிட்சர் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து பேட்டரை அடைய 0.4 விநாடிதான். 140-ல் வீசும் வேகப்பந்து வீச்சாளரை எதிர்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதோடு ரைஸ் பால் என்று ஒன்று உண்டு. தொடை உயரத்துக்கு வரும் என்று நினைத்து பேட்டை வீசினால் நெஞ்சுக்குப் போய்விடும்.

வைகைக்கரை சொல்லும் 1982, 1984, 1985 காலத்தில் தூரம் இன்னும் குறைவு, 40 அடி. 1988-ல்தான் 43 அடி ஆக்கினார்கள். அந்த மூன்று அடியால் பேட்டருக்குக் கிடைத்த மூச்சு பெரிது. 1993-லிருந்து வெள்ளைப் பந்துக்குப் பதிலாகப் பளிச்சென்ற மஞ்சள் பந்து வந்தது, அதுவும் பேட்டருக்கு உதவியது. பழைய ஸ்கோர்களை இன்றைய ஸ்கோர்களோடு வைத்துப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

---

வைகைக்கரை:

டீச்சர், அருமையாகச் சொன்னீர்கள். அந்த 40 அடி காலத்தின் உச்சம் 1984 இறுதி ஆட்டம். எதிரணி டெக்சஸ் ஏ அண்ட் எம். ஏழு இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதின்மூன்றுவரை போய் 1-0 என்று முடிந்தது. அடுத்த வருடம் நெப்ராஸ்காவுடன் ஒன்பது இன்னிங்ஸ், 2-1. 1982-ல் ஃப்ரெஸ்னோவுடன் ஆடிய முதல் இறுதி ஆட்டமும் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போனது. வென்ற முதல் மூன்று பட்டங்களும் கூடுதல் இன்னிங்ஸில்தான்.

டெபி டூம், ட்ரேசி காம்ப்டன் என்று இரண்டு பிட்சர்கள் அப்போது. அவர்களுக்குப் பின்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் டாட் ரிச்சர்ட்சன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. யு.சி.எல்.ஏ.வில் ஷார்ட்ஸ்டாப், 1980-களின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனை என்று என்.சி.ஏ.ஏ. அவரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு மருத்துவம் படித்தார். 1996-ல் ஒலிம்பிக்ஸில் முதல்முறையாக சாஃப்ட்பால் சேர்க்கப்பட்டபோது அவர் எலும்பு அறுவை சிகிச்சையில் பயிற்சி மருத்துவர், வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. சீனாவுடனான தங்கப் பதக்க ஆட்டத்தில் அவர் அடித்த இரண்டு ரன் ஹோம் ரன்தான் (பந்து எல்லைக்கு வெளியே போகும் அடி) முடிவைத் தீர்மானித்தது. 3-1.

பேக்கஸின் அணியில் ஆடிய ஒருத்தி தன் விளையாட்டு ஒலிம்பிக்ஸுக்கு வருவதற்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தாள். நடுவில் டாக்டரும் ஆனாள். இப்படிப்பட்ட ஆட்களை அந்த அணி தொடர்ந்து உருவாக்கியிருக்கிறது.

---

சூனர் ரசிகன்:

நான் ஓக்லஹோமாவின் நார்மன் ஊரில் வசிக்கிறேன். யு.சி.எல்.ஏ.வின் மரபை மதிக்கிறேன், ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். 12 பட்டங்களில் ஏழு 1992-க்குள் வந்தவை. அன்று நாடு முழுக்க எத்தனை பல்கலைக்கழகங்கள் சாஃப்ட்பாலுக்கு உண்மையாகப் பணமும் கவனமும் கொடுத்தன? 2005-ல் மிச்சிகன் வெல்லும்வரை மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே இருந்த எந்த அணியும் பட்டம் வென்றதில்லை. அதுவரை இது கிட்டத்தட்ட மேற்குக்கரையின் சொத்து.

ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். பேட்டி காஸோ 1995 சீசனில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணிக்குச் சொந்த மைதானமே கிடையாது, ஊர்ப் பூங்காவில் ஆடினார்கள். 2000-ல் முதல் பட்டம், அதுவும் உங்கள் யு.சி.எல்.ஏ.வை 3-1 என்று வீழ்த்தி. பிறகு 2013, 2016, 2017. அப்புறம் 2021, 2022, 2023, 2024 என்று தொடர்ந்து நான்கு. அதற்கு முன் யாரும் நான்கு தொடர்ந்து வென்றதில்லை. 2023 சீசனில் 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 71 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவே இல்லை. தென்கிழக்கு மாநிலங்கள் எல்லாம் பல கோடி செலவழித்து மைதானம் கட்டி மோதும் காலத்தில் செய்த சாதனை இது. எட்டா பன்னிரண்டா என்பதைவிட எந்தக் காலத்து எட்டு என்பதுதான் முக்கியம்.

---

வைகைக்கரை:

உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. 2021-24 அணி நான் பார்த்ததிலேயே முழுமையான அணி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2021-ல் முதல் ஆட்டத்திலேயே ஜேம்ஸ் மேடிசனிடம் தோற்று, தோற்றவர்கள் வரிசையிலிருந்து ஏறிவந்து பட்டம் எடுத்தார்களே, அதை மறக்க முடியாது.

ஆனால் "அந்தக் காலத்தில் போட்டியே இல்லை" என்பதை ஏற்க மாட்டேன். 1988-லிருந்து 1997 வரை ஒவ்வொரு வருடமும் பட்டம் யு.சி.எல்.ஏ.வுக்கும் மைக் கேண்ட்ரியா பயிற்சியளித்த அரிசோனாவுக்கும் இடையேதான் போய்வந்தது. 1991-ல் அரிசோனா, 1992-ல் யு.சி.எல்.ஏ., 1993-ல் மறுபடி அரிசோனா, எல்லாமே ஒருவரை ஒருவர் வீழ்த்தி. அந்த இரண்டு அணியும் மோதிய தரம் எந்தக் காலத்திலும் குறைவானதல்ல.

லிசா ஃபெர்னாண்டஸ் ஒருத்தியைச் சொன்னாலே போதும். தந்தை கியூபாவிலிருந்து வந்தவர், தாய் புவெர்ட்டோ ரிக்கோ. சிறுமியாக இருந்தபோது ஒரு பயிற்சியாளர் அவளுடைய உடல்வாகைப் பார்த்து, நீ பெரிய பிட்சராக வரவே முடியாது என்று சொல்லி அனுப்பினார். யு.சி.எல்.ஏ.வில் அவள் பிட்சராக வென்றது 93, தோற்றது 7. நான்கு வருடமும் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைகள் பட்டியலில் இடம். 1993-ல் நாட்டிலேயே மிக உயர்ந்த பேட்டிங் சராசரி அவளுடையது, .510. அதே சீசனில் நாட்டிலேயே மிகக் குறைந்த பிட்சிங் சராசரியும் அவளுடையதுதான், 0.25. அதாவது ஏழு இன்னிங்ஸ் கொண்ட நான்கு ஆட்டங்கள் வீசினால் எதிரணிக்கு மொத்தமே ஒரு ரன். ஒரே ஆள் இரண்டு முனையிலும் முதலிடம். அப்படி இருந்தும் அந்த வருட இறுதி ஆட்டத்தில் அரிசோனாவிடம் 1-0 என்று தோற்றார்கள். போட்டி இல்லாத காலத்திலா இது நடந்திருக்கும்?

---

சான்டியேகோ அம்மா:

இழை முழுக்க வாசித்தேன். என் மகள் பதினான்கு வயதுக்குட்பட்டோர் டிராவல் பால் (ஊர் ஊராகப் போய் ஆடும்) அணியில் ஆடுகிறாள். அதனால் உள்ளிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். பயிற்சியாளர் சங்கிலி, மரபு எல்லாம் சரி. தென் கலிஃபோர்னியாவின் வெயிலை ஏன் யாரும் சொல்லவில்லை?

இங்கே பன்னிரண்டு மாதமும் மைதானத்தில் ஆடலாம். மிச்சிகனில் பிப்ரவரியில் பனி, உள்ளரங்கில்தான் பயிற்சி. இங்கே டிசம்பரிலும் சனி ஞாயிறு டோர்னமென்ட். எட்டு வயதில் தொடங்கும் குழந்தை கல்லூரி சேர்வதற்குள் வேறு ஊர்க் குழந்தையைவிடப் பல நூறு ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கும். லாங் பீச், லேக்வுட், ஹன்டிங்டன் பீச் பக்கம் போனால் ஒவ்வொரு பூங்காவிலும் பிட்சிங் சொல்லித்தரும் ஒரு அப்பாவையோ முன்னாள் வீராங்கனையையோ பார்க்கலாம். பக்கெட் நிறையப் பந்து, அதன் மேலேயே அப்பா உட்கார்ந்து கேட்ச் பிடிப்பார், குழந்தை நூறு பந்து வீசும். அந்தப் பக்கெட் மூடிமேல் மெத்தை வைத்துக் கடையிலேயே விற்கிறார்கள் என்றால் பாருங்கள். யு.சி.எல்.ஏ. இந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்தில் பெரிய பல்கலைக்கழகம், தரமான படிப்பு. எந்த அப்பா அம்மா வேண்டாம் என்பார்கள்?

சூனர் ரசிகன் சார், உங்கள் பேட்டி காஸோவும் இந்த மண்தான். லாங் பீச் ஸ்டேட்டில் ஆடினார், லாங் பீச் சிட்டி காலேஜில் பயிற்சியாளராக இருந்தார், அங்கிருந்துதான் ஓக்லஹோமா வந்தார்.

---

சூனர் ரசிகன்:

உண்மைதான் மேடம். எங்கள் அணியில் ஆடிய டியாரே ஜென்னிங்ஸ்கூட சான் பெட்ரோவிலிருந்து வந்த பெண். 122 ஹோம் ரன் அடித்துக் கல்லூரிச் சாதனை வைத்திருக்கும் ஜோஸ்லின் ஆலோ ஹவாய்க்காரி. வெயில் உள்ள இடங்கள்தான் எல்லாம்.

ஆனால் அதையே என் பக்கமாகத் திருப்புகிறேன். வெயில்தான் காரணம் என்றால் அதே வெயிலில் இருக்கும் மற்ற கலிஃபோர்னியா கல்லூரிகள் ஏன் பன்னிரண்டு வெல்லவில்லை? ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு 1998-ல் கிடைத்தது ஒன்றுதான், அரிசோனாவை 1-0 என்று வென்று. கலிஃபோர்னியா பெர்க்லி 2003, 2004 இரண்டிலும் யு.சி.எல்.ஏ.விடமே இறுதி ஆட்டத்தில் தோற்றது. ஆகவே வைகைக்கரை சொல்லும் சங்கிலியில் ஏதோ இருக்கிறது என்று என்னைப் போன்ற எதிரணி ரசிகனே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

---

மழைச்சாரல்:

1995 பட்டம் பறிபோனது என்று முதல் பதிவில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பெருமைகளை விலாவாரியாக எழுதிவிட்டு அதை ஒரு வரியில் முடிப்பது நியாயமில்லை. என்ன நடந்தது?

---

வைகைக்கரை:

நியாயமான கேள்வி. விவரமாகவே எழுதுகிறேன்.

1995 சீசன் நடுவில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து டானியா ஹார்டிங் என்ற பிட்சர் யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார். ஏற்கெனவே சர்வதேசத் தரத்தில் இருந்தவர். வந்ததிலிருந்து ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார். இறுதி ஆட்டத்தில் அரிசோனாவை 4-2 என்று வென்றார்கள், தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. பட்டம் வென்ற கையோடு சீசன் முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார். மாணவியாக வந்தாரா, கூலிக்கு வந்தாரா என்று பத்திரிகைகள் கேட்டன. அரிசோனா தரப்பின் கோபம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் பட்டம் பறிபோனதற்கு நேரடிக் காரணம் ஸ்காலர்ஷிப் கணக்கு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை ஸ்காலர்ஷிப்தான் கொடுக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. யு.சி.எல்.ஏ. அந்த வரம்பைத் தாண்டி, மகளிர் கால்பந்துக் கணக்கில் இருந்த ஸ்காலர்ஷிப்பை சாஃப்ட்பால் வீராங்கனைகளுக்குக் கொடுத்தது விசாரணையில் வெளிவந்தது. 1995-ல் வென்ற பட்டம் ரத்து.

என் கருத்து கேட்டால்: தண்டனை சரிதான். வரம்பு என்று ஒன்று இருப்பதே பணக்காரப் பல்கலைக்கழகம் எல்லாத் திறமையையும் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. அதை மீறி வென்றால் அது ஃப்ரெஸ்னோ மாதிரி அணிகளுக்குச் செய்யும் துரோகம். அந்த வருட வீராங்கனைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கு வழக்கு எதுவும் தெரிந்திருக்காது, அவர்கள் வியர்வை சிந்தியும் ஏட்டில் பெயர் இல்லை. அது வருத்தம்தான். ஆனாலும் பட்டம் நீக்கப்பட்டது சரி. ஹார்டிங் பின்னர் ஆஸ்திரேலியாவுக்காக நான்கு ஒலிம்பிக்ஸில் ஆடி நான்கிலும் பதக்கம் வாங்கினார். திறமையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் தலைமையும் மாறியது. 1989-லிருந்து பேக்கஸும் என்க்விஸ்ட்டும் இணைப் பயிற்சியாளர்களாக இருந்தார்கள். பேக்கஸ் ஓய்வுபெற, 1997-லிருந்து என்க்விஸ்ட் தனியே பொறுப்பேற்றார். அவமானமும் தண்டனையும் நடுவே கிடைத்த பதவி அது. இரண்டே வருடத்தில், 1999-ல், வாஷிங்டனை 3-2 என்று வென்று பட்டத்தை மீட்டார்.

---

மழைச்சாரல்:

நன்றி, இப்போது முழுமையாக இருக்கிறது. கூடவே இன்னொன்று. தொடர்ந்து உள்ளிருந்தே ஆள் எடுத்தால் தவறுகளும் உள்ளேயே மூடிமறைக்கப்படும் என்று ஒரு வாதம் உண்டு. 1995 அதற்கு உதாரணம் இல்லையா?

---

பி.டி.டீச்சர்:

நான் பதில் சொல்லலாமா? ஸ்காலர்ஷிப் ஒதுக்குவதில் பயிற்சியாளர் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிர்வாகமும் இருக்கிறது. எந்த அமைப்பிலும் மேற்பார்வை வெளியிலிருந்து வரவேண்டும் என்பதில் உங்களோடு நான் உடன்படுகிறேன்.

ஆனால் ஆட்ட நுட்பம் கைமாறுவது வேறு. அதை நான் கேட்சராக இருந்து உணர்ந்திருக்கிறேன். கேட்சர்தான் மைதானத்தில் எல்லோரையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவர். எந்த பேட்டருக்கு எந்தப் பந்து, பிட்சரின் கை எப்போது சோர்கிறது, பேஸில் நிற்பவள் எப்போது ஓடப்போகிறாள் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கெல்லி இனோயே-பெரெஸ் கேட்சர். லிசா ஃபெர்னாண்டஸின் பந்துகளைப் பிடித்தவர். சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒன்றாக ஆடியவர்கள். 1989, 1990, 1992 பட்டங்களில் வீராங்கனையாக இருந்தார். பிறகு என்க்விஸ்ட்டுக்கு உதவிப் பயிற்சியாளராக, 2007-லிருந்து தலைமைப் பயிற்சியாளராக. மூன்று நிலையிலும் பட்டம் வென்றிருக்கிறார். லிசா இப்போது அவருக்குக் கீழே பயிற்சியாளர் குழுவில் இருக்கிறார். பதினெட்டு வயதில் கண்ணசைவிலேயே பேசிக்கொண்ட பிட்சரும் கேட்சரும் ஐம்பது வயதிலும் ஒரே டக்-அவுட்டில். வெளியிலிருந்து சம்பளம் கொடுத்து இதை வாங்கிவிட முடியாது.

---

வைகைக்கரை:

டீச்சர் சொன்னதோடு இன்னொரு கண்ணியையும் சேர்க்க வேண்டும். யு.சி.எல்.ஏ. ஆண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன், 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு வருடத்தில் பத்து தேசியப் பட்டம் வென்றவர். அவர் ஓய்வு பெற்ற வருடமும் சாஃப்ட்பால் அணி தொடங்கிய வருடமும் ஒன்றே, 1975. ஓய்வுக்குப் பிறகும் வுடன் வளாகத்தோடு தொடர்பில் இருந்தார். என்க்விஸ்ட் அவரைத் தன் ஆசானாகவே சொல்வார். ஸ்கோரைப் பற்றி வீரர்களிடம் பேசாதே, தயாரிப்பைப் பற்றிப் பேசு என்ற வுடனின் பாடம் சாஃப்ட்பால் மைதானத்துக்கும் வந்தது. என்க்விஸ்ட் பயிற்சியாளராக வென்றது 887 ஆட்டம், தோற்றது 175, சமன் ஒன்று. ஓய்வு 2006-ல்.

தேசிய அணிக்குப் போனவர்கள் பட்டியலும் இதன் பகுதிதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்கா மொத்தமாக 51 ரன் எடுத்து, ஒரே ஒரு ரன் மட்டும் கொடுத்துத் தங்கம் வென்றது. அந்த அணியில் லிசா, நடாஷா வாட்லி, ஸ்டேசி நுவமன், அமாண்டா ஃப்ரீட், டைரியா ஃப்ளவர்ஸ் எல்லோரும் யு.சி.எல்.ஏ.

---

சான்டியேகோ அம்மா:

ஸ்டேசி நுவமன் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்தான் இப்போது எங்கள் ஊர் சான்டியேகோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர். 2023-ல் அந்த அணியை, தேசியச் சாம்பியன்ஷிப்பின் இறுதிக்கட்டத்துக்கு முந்தைய சூப்பர் ரீஜனல் சுற்றுவரை கொண்டுபோனார். ஆட்டம் பார்க்கப் போவோம். அவர் கேட்சர்களிடம் நிற்கும்போது கவனித்தேன். பேசுவது கொஞ்சம்தான். குனிந்து, மாணவியின் கையுறையைத் தன் கையால் பிடித்து அரை அங்குலம் உள்பக்கம் திருப்பி வைக்கிறார், மறுபடி எழுந்து பின்னால் போகிறார். என் மகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே கையுறையை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே சங்கிலி யு.சி.எல்.ஏ. வளாகத்தோடு நிற்கவில்லை. வெயிலும் தேவை, சங்கிலியும் தேவை என்று வைத்துக்கொள்ளலாமா?

---

கூக்ளி:

இவ்வளவு படித்தபிறகு ஆட்டம் பார்க்காமல் இருக்க முடியாது. பழையதில் எதைப் பார்க்கலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அப்புறம், 2025-ல் ஹோம் பிளேட்டைத் (ஓடி முடித்துத் தொட வேண்டிய தட்டு) தொடாமல் போன ஹோம் ரன் என்று ஒரு காணொளி சுற்றியதே, அதுவும் யு.சி.எல்.ஏ.தானே?

---

சூனர் ரசிகன்:

அதேதான். டென்னசியோடு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், யு.சி.எல்.ஏ. இரண்டு ரன் பின்தங்கியிருந்தது. மேகன் கிராண்ட் ஹோம் ரன் அடித்து சமன் செய்தார். சந்தோஷத்தில் குதித்துவந்தவர் பிளேட்டை மிதிக்கவில்லை. சக வீராங்கனை திருப்பி அனுப்ப, போய்த் தொட்டார். சக வீராங்கனை உதவியது விதிப்படி தவறு என்று டென்னசி முறையிட்டது. அதை ரீப்ளேயில் பரிசீலிக்க இடமில்லை என்று நடுவர்கள் ரன்னைக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒன்பதாவது இன்னிங்ஸில் டென்னசியே 5-4 என்று வென்றது.

பழைய ஆட்டம் என்றால் எனக்குப் பிடித்தது 2017 இறுதியின் முதல் ஆட்டம். ஓக்லஹோமாவும் ஃப்ளோரிடாவும், 17 இன்னிங்ஸ். எங்கள் ஷே நைட்டன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 7-5 என்று ஓக்லஹோமா வென்றது. ஆனால் இழை யு.சி.எல்.ஏ.வைப் பற்றியது, வைகைக்கரையே சொல்லட்டும்.

---

வைகைக்கரை:

கூக்ளி தம்பி, 2019 ஜூன் 2. அரையிறுதி, வாஷிங்டனுக்கு எதிராக. பிட்சர் ரேச்சல் கார்சியா. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பத்தாவது இன்னிங்ஸிலும் அவள்தான் வீசுகிறாள். மொத்தம் 179 பந்து, 16 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருக்கிறாள், அதாவது அடிக்க விடாமலே அவுட். அந்த இன்னிங்ஸின் பின்பாதியில், யு.சி.எல்.ஏ. பேட் செய்யும் முறை வந்ததும், பேட்டோடு வந்து நிற்பதும் அவளே. மூன்று ரன் ஹோம் ரன், ஆட்டம் முடிந்தது. 40 அடி காலத்து டெபி டூமும் பிறகு வந்த லிசாவும் ஆடிய ஆட்டத்தை இன்றைய பெண் ஒருத்தி ஆடினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

அடுத்து வந்தது சூனர் ரசிகனின் ஓக்லஹோமாவோடு இறுதி. முதல் ஆட்டத்தை யு.சி.எல்.ஏ. 16-3 என்று வென்றது. இரண்டாவதில் ஏழாவது இன்னிங்ஸின் முன்பாதியில் அதே ஷே நைட்டன் ஹோம் ரன் அடித்து 4-4 ஆக்கிவிட்டார். பின்பாதியில் கின்ஸ்லி வாஷிங்டன் ஒரு சிங்கிள் அடித்தார், 5-4, பன்னிரண்டாவது பட்டம்.

அரையிறுதியைத் தேடும்போது வெறும் ஹோம் ரன் துணுக்குதான் முதலில் வரும். அதைப் பார்க்காதீர்கள், முழு ஆட்டத்தையும் தேடி எடுங்கள். டீச்சர் சொன்ன ரைஸ் பாலை முதல் மூன்று இன்னிங்ஸிலேயே அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிடுவீர்கள். பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், எந்த பேட்டருக்கு ஏன் அந்தப் பந்தை வீசினாள் என்று டீச்சரிடம் கேட்போம்.